பழைய செட்டில் ஸ்ட்ரீமிங்: சீடியை விட்டால் பாட்டில் உயிர் போய்விடுமா?

2025 ஒக்டோபர் 4, தெஹிவளையிலிருந்து ஒரு கேள்வி

"அப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த செட் வீட்டில் இருக்கிறது. அம்ப் தனி, சீடி பிளேயர் தனி, பெரிய ஸ்பீக்கர் இரண்டு. சீடி பிளேயர் இப்போது பாதி டிஸ்க்கை வாசிக்காமல் துப்புகிறது. சரியென்று புறக்கோட்டையில் ஒரு புளூடூத் பெட்டி வாங்கி அம்ப்பில் கொழுவி, போனில் ஸ்பொட்டிஃபை போட்டேன். பாட்டு வருகிறது, ஆனால் உயிர் இல்லை. பாஸ் மெலிந்துவிட்டது. பின்னால் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் வேறு. பழைய செட்டுக்கு ஸ்ட்ரீமிங் சரிவராது என்பதுதான் என் முடிவு. மறுப்பவர்கள் வாருங்கள்."

ஒக்டோபர் 4, இரவு

மறுக்கிறேன் தம்பி. ஸ்ட்ரீமிங்குக்குத் தீர்ப்பு எழுத அவசரமில்லை, முதலில் அந்தப் பெட்டியைப் பார்ப்போம்.

சீடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் போகிறது. ஸ்பொட்டிஃபை பிரீமியத்தின் வழக்கமான உச்சம் 320, காசு கட்டாத கணக்கென்றால் போனில் 160. இலக்கத்தைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் காதுக்குத் தட்டுப்படாது என்று கணித்த பகுதிகளைக் கழித்து வைத்ததுதான் அந்த 320. நம் வீட்டு ஸ்பீக்கரில் அதையும் சீடியையும் பிரித்துச் சொல்வது லேசான காரியமில்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. போன் அந்த 320ஐ விரித்து, புளூடூத்தில் அனுப்ப மறுபடியும் சுருக்குகிறது. மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் எஸ்பிசி என்ற பழைய முறை மட்டும்தான் இருக்கும், அதன் வழக்கமான உச்சம் 328 அளவு. பிழிந்த தேங்காய்ப்பூவில் இரண்டாம் பால் எடுக்கிற கதை.

ஆப்பின் செட்டிங்கில் தரம் 'ஆட்டோமெட்டிக்' என்று இருந்தால் சிக்னலைப் பார்த்து அதுவே தரத்தை இறக்கிக்கொள்ளும். 'வெரி ஹை' என்று மாற்றிவிடுங்கள். போனில் டொல்பி, ஈக்குவலைசர் என்று ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள்.

இவ்வளவு சொன்னாலும், பாஸ் மெலிவதற்கு இவை எதுவும் காரணமாகாது. எஸ்பிசி பாஸைத் தின்பதில்லை. அம்ப்பில் எந்தத் துளையில் கொழுவினீர்கள்?

ஒக்டோபர் 5, காலை

படுத்தபின் யோசித்தது. பழைய அம்ப்பின் முதுகில் ஆர்சிஏ என்ற வட்டத் துளைகள் ஜோடி ஜோடியாக வரிசையில் இருக்கும்: ஃபோனோ, டியூனர், சீடி அல்லது ஓக்ஸ், டேப். ஃபோனோவை மட்டும் தொடக்கூடாது. இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்த துளை அது. வருவதைப் பல மடங்கு பெருக்கி, பாஸைக் கூட்டி, மேல் ஒலிகளைக் குறைக்கும். அதில் போனைக் கொழுவினால் சத்தம் கிழிந்து குளறும். உங்கள் முறைப்பாடு மெலிவு, ஆகவே ஃபோனோ இல்லை.

டேப்பில் இரண்டு ஜோடி இருக்கும். 'பிளே' என்று எழுதியதில் தாராளமாகக் கொழுவலாம். 'ரெக்' என்பது வெளியே போகும் வழி. அதில் கொழுவிவிட்டு, அம்ப் செத்துவிட்டது என்று திருத்தும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

என் சந்தேகம் இரண்டு. ஒன்று, பெட்டியில் உள்ள 3.5 மில்லிமீற்றர் பிளக் முழுதாக இறங்கவில்லை. பொதுக் கம்பி தொடாவிட்டால் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். பாடகரின் குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் அது கழிபட்டு, வாத்தியங்கள் மட்டும் மிஞ்சும். மற்றது, ஒரு ஸ்பீக்கரில் வயர் தலைகீழ், சிவப்பில் கறுப்பு. ஒரு கூம்பு வெளியே தள்ளும் நேரம் மற்றது உள்ளே இழுக்கும், பாஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

நவராத்திரிக்கு வீடு துப்புரவாக்கினீர்களா?

ஒக்டோபர் 6, போயா

ஆமாம் என்கிறார். கொலு வைக்க இடம் வேண்டி ஸ்பீக்கர்களை அறைக்குள் கொண்டுபோய், பூசை முடிந்து திரும்பவும் கொழுவியிருக்கிறார். புளூடூத் பெட்டியும் அதே வாரம் வீட்டுக்கு வந்ததால் பழி முழுவதும் அதன் தலையில். ஒரு பக்கத்து வயரை மாற்றியதும் மிருதங்கத்தின் தொப்பி திரும்பி வந்துவிட்டதாம். "அண்ணை, சீடியும் இப்போது நன்றாகக் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறார். கேட்கத்தானே வேண்டும்!

ஸ்பீக்கர் பக்கம் போன கையோடு வயரின் நுனியையும் பாருங்கள். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் உள்ள வீடுகளில் செம்பு பச்சையேறிக் கறுத்திருக்கும். அதைத் திருகித் திருகிச் செருகிப் பயனில்லை. நிறம் மாறிய இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக ஒரு சென்ரிமீற்றர் தோலை உரியுங்கள். உள்ளே செம்பு மினுங்க வேண்டும். மினுங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். அம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் இதெல்லாம்.

முன்துணியையும் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்புத் துகள் ஒட்டினால் வளையம் உக்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அந்த ஸ்பொஞ்ச் நின்றுபிடிப்பதில்லை. ரப்பர் விளிம்பு, துணி விளிம்பு என்றால் பயமில்லை. உக்கியிருந்தாலும் ஸ்பீக்கரை எறிய வேண்டாம், வளையம் மட்டும் மாற்றி ஒட்டலாம்.

ஒக்டோபர் 7

இனி அந்த 'ங்ங்ங்'. பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் சார்ஜரைப் பிடுங்குங்கள், பற்றரியில் ஓடட்டும். இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜர். நிற்காவிட்டால் டிவி, கேபிள், கொம்பியூட்டர் என்று அம்ப்போடு கொழுவிய மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். இரண்டு கருவிகள் இரண்டு வழியால் எர்த்துக்குப் போனால், அந்த வளையத்தில் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் ஏறிவிடும். அதைத் துண்டிக்கச் சின்னப் பெட்டி ஒன்று விற்கிறார்கள், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்போமர். மலிவானது பாஸையும் சேர்த்துக் கொஞ்சம் விழுங்கும்.

பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிட்டால் இரைச்சல் போகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போகும். ஒருநாள் ஆளும் போகலாம். செய்யாதீர்கள்.

ஒக்டோபர் 7, இரவு

சார்ஜர்தானாம். பழைய போனோடு வந்த சார்ஜரைப் போட்டதும் அடங்கிவிட்டது.

ஒக்டோபர் 11

"அப்படியென்றால் புளூடூத்தே போதுமா?" போதும் என்பவர்களுக்குப் போதும். நான் அதைக் கைவிட்ட காரணம் தரம் இல்லை, எங்கள் பெரியம்மா. போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான் குசினியில். யாரோ வட்ஸ்அப்பைத் திறந்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் பற்றிப் பெரியம்மா அனுப்பியிருந்த குரல் செய்தி அம்ப்பின் முழுப் பலத்தோடும் மாடிப்படி வரை போய்விட்டது. வெள்ளவத்தை பிளாட்டுகளில் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஸ்பொட்டிஃபை கனெக்ட் போன்ற முறையில் அந்த வம்பு இல்லை. வைஃபையில் இருக்கும் பெட்டி பாட்டைத் தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட். அழைப்பு வந்தாலும், போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் பாட்டு நிற்காது. இடையில் இன்னொரு சுருக்கலும் கிடையாது. என்னிடம் இருப்பது வீம் மினி என்ற அந்த மாதிரிப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர் அம்ப்பின் ஓக்ஸுக்கு, அவ்வளவுதான். கை வேலை பிடித்தவர்கள் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கொம்பியூட்டரில் வொலுமியோ அல்லது மூட் என்ற பாட்டு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். என் மருமகன் அதைத்தான் செய்தான். பாட்டுக் கேட்பதைவிட அதை நோண்டுவதில்தான் அவனுக்குச் சுகம்.

இதிலும் மலிவான வழி, மேசை லாச்சியில் கிடக்கும் பழைய போனுக்கு ஒரு யூஎஸ்பி டொங்கிள், அதாவது போனின் சார்ஜர் துளையில் செருகி ஹெட்போன் துளை எடுக்கும் குட்டி வயர். அப்பிளின் சின்ன டைப்-சி டொங்கிள் விலைக்கு மீறிய சாமான், ஆனால் அண்ட்ரொயிட் போன்களில் சத்தம் குறைவாக வரும். ஐபோனில் அந்தக் குறை இல்லை. வட்ஸ்அப் ஏற்றாத போனாகப் பாருங்கள்.

ஒக்டோபர் 12

"நானும் சீடியையும் ஸ்ட்ரீமிங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், சீடிதான் வென்றது" என்று கொட்டாஞ்சேனை அன்பர் எழுதியிருக்கிறார். ஐயா, இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தினீர்களா?

சீடி பிளேயரின் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். டொங்கிள் நல்ல நிலையில் 1 வோல்ட், அண்ட்ரொயிட்டில் அதிலும் குறைவு. போதாததற்கு ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதை செட்டிங்கில் நிறுத்தலாம். சத்தம் கொஞ்சம் கூடியதைத்தான் மனிதக் காது நல்லது என்று சொல்லும், ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். ஆட்கள் அதைக் 'கூடிய சத்தம்' என்று உணர்வதில்லை. 'உயிர்', 'ஆழம்', 'சூடு' என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டிலும் ஒரே சோதனை ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் அளந்து சமமாக்குங்கள். பிறகு வீட்டில் யாரையாவது மாற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கள். என் மகள் மாற்றினாள். வீணைக் கச்சேரி ஒன்றில் 320ஐயும் சீடியையும் நான் சொன்னது பூவா தலையா போட்டதற்குச் சமம். புளூடூத்தை மட்டும் பல தடவை பிடித்தேன், அதுவும் வீணையில் இல்லை, கடைசியில் வரும் கைதட்டலில். பஜனைப் பாட்டில் ஜால்ரா காட்டிக்கொடுத்தது. அந்த மாதிரிச் சிதறும் ஒலிகளில் எஸ்பிசி திணறும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் சீடி என்று சொல்வது கடையில் வாங்கிய அசலா, அல்லது அந்தக் காலத்தில் பட்டியல் கொடுத்து எழுதுவித்ததா? எழுதிக் கொடுத்த கடைகளில் கனக்கப் பேர் எம்பி3இலிருந்துதான் எழுதினார்கள். 128இல் சுருங்கிப்போன பாட்டை சீடியில் ஏற்றினால் அது 1,411 ஆகாது. அதை வைத்து ஸ்ட்ரீமிங்கைத் தோற்கடிக்க முடியாது.

ஒக்டோபர் 13

தங்க முலாம் பூசிய வயர் பற்றிக் கேட்டவருக்கு: முலாம் துருப்பிடிக்காது, அது ஒன்றுதான் அதன் பயன். கடற்கரைப் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை, வாங்குங்கள். ஒக்சிஜன் நீக்கிய செம்பு என்று பத்து மடங்கு விலை சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள்.

டேட்டா பற்றிக் கேட்டவருக்கு: 320இல் மணிக்கு 144 எம்பி. லொஸ்லெஸ், அதாவது பாட்டில் எதையும் கழிக்காமல் அனுப்பும் முறை என்றால் மணிக்கு 400 எம்பி அளவு, பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும். அப்பிள் மியூசிக் 2021இலிருந்து மேலதிகக் காசில்லாமல் லொஸ்லெஸ் தருகிறது. ஸ்பொட்டிஃபை போன மாதம்தான் தொடங்கியது. உங்கள் ஆப்பின் தரப் பட்டியலில் 'லொஸ்லெஸ்' தெரிந்தால் உங்களுக்கும் வந்துவிட்டது. புளூடூத்தில் அதைப் போட்டுக் கேட்பது டேட்டாவுக்குப் பிடித்த கேடு.

ஒக்டோபர் 20, தீபாவளி

விருந்தாளிகள் போய்விட்டார்கள். இப்போது என் கட்சிக்கு எதிராகவே கொஞ்சம் எழுதப் போகிறேன்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் ஒரே ஒலிப்பதிவு இரண்டு வழியாக வருகிறது என்ற கணக்கில். தமிழ்ப் பாட்டில் அந்தக் கணக்குப் பிழைக்கும். எழுபது எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் சில, ஸ்ட்ரீமிங்கில் எந்த மூலத்திலிருந்து ஏறின என்று தெரியாது. இசைத்தட்டின் கீறல் சத்தத்தோடு சில, அதை மறைக்கப்போய் மேல் ஒலிகளையே வழித்தெடுத்த சில. 'ரீமாஸ்டர்' என்ற பெயரில் எதிரொலி சேர்த்தவையும் உண்டு. என்னிடம் சீடியில் உள்ள ஒரு பாட்டு ஸ்ட்ரீமிங்கில் கொஞ்சம் விரைவாக ஓடுவதுபோல் பட்டது. சுருதிப் பெட்டி ஆப்பை சீடிக்குச் சேர்த்து வைத்துக்கொண்டு ஸ்ட்ரீமிங்கைப் போட்டால், சுருதி அரைக் கட்டைக்குக் கிட்ட ஏறி நிற்கிறது. அப்படியான பாட்டை லொஸ்லெஸில் கேட்டாலும் பிழையான பாட்டுத்தான், துல்லியமாகக் கேட்கும்.

கச்சேரிகளில் வேறு தொல்லை. ராகம், தானம், பல்லவி மூன்றையும் மூன்று டிராக்காகப் பிரித்திருப்பார்கள். சீடியில் இடைவெளி இல்லாமல் ஓடும். சில ஆப்களில், சில பெட்டிகளில் டிராக் மாறும் இடத்தில் ஒரு கணம் வெட்டு விழும். தம்புரா அறுந்து மறுபடி தொடங்குவதைக் கேட்டுப் பழகுவது கஷ்டம். 'கிராஸ்ஃபேட்' போட்டிருந்தால் இன்னும் மோசம், தானத்தின் வால்மேல் பல்லவி ஏறிவிடும். அதை நிறுத்தி, 'கேப்லெஸ்' இருந்தால் போடுங்கள்.

பிறகு, இல்லாத பாட்டுகள். எங்கள் ஊர்ப் பொப் பாடல்கள், கோயில் வெளியீடுகள், சின்னச் சின்னச் சபாக்கள் போட்ட கச்சேரி சீடிகள். தேடினால் ஒன்று கிடைக்கும், ஒன்பது கிடைக்காது. இன்று கிடைப்பது நாளை உரிமம் முடிந்து சாம்பல் நிறமாகும். தெஹிவளைத் தம்பியின் முடிவு பிழை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் சீடிகளை லொறியில் ஏற்றச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒக்டோபர் 25

கொம்பியூட்டரில் ஏற்றுவது எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வெளியே வைக்கும் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் விசாரியுங்கள். விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற மென்பொருள், இலவசம். ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள், ஒரு சீடி 300, 400 எம்பிக்குள் அடங்கும். சீடியில் இருந்த ஒரு பிட்டும் குறையாது. மற்றவர்கள் ஏற்றிய பிரதியோடு ஒப்பிட்டுச் சரி சொல்லும் வசதி அதில் உண்டு, ஆனால் நம் சீடிகள் பல அந்தப் பட்டியலில் இருக்காது. அதற்கு 'டெஸ்ட் அண்ட் கொப்பி' போடுங்கள். இரண்டு தரம் வாசித்து, ஒவ்வொரு தரமும் ஒரு சரிபார்ப்பு எண் காட்டும். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால் நம்பலாம். பாட்டின் பெயரைத் தமிழிலேயே அடித்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நான்கு விதமாக எழுதி வைத்துவிட்டு, பிறகு தேடிக் களைத்தவன் சொல்கிறேன்.

எதை முதலில் ஏற்றுவது? எழுதுவித்த சீடிகளை. அவற்றில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெளிச்சமும் வெக்கையும் அதைக் கொல்லும். கண்ணாடி அலுமாரியில் அழகாக அடுக்கி வெயில் படவைத்தவர்கள் இன்றே தொடங்கலாம்.

அசல் சீடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அலுமினியத்தில் ஊசித் துளைபோல வெளிச்சம் தெரிந்தால் அங்கே பதிவு போய்விட்டது. கீறலைப் பற்றி ஒரு விஷயம். எல்லோரும் மினுங்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பான பிளாஸ்டிக், சின்னக் கீறலைப் பிளேயரே கணக்குப் போட்டு நிரப்பிவிடும். படம் அச்சிட்ட பக்கத்தில் அலுமினியத்துக்கு மேல் மெல்லிய பூச்சு மட்டும்தான். அங்கே பேனாவால் பெயர் எழுதி அழுத்தினாலே காயம். துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. சுற்றிச் சுற்றித் துடைத்தால், விழும் கீறல் பதிவின் பாதையோடேயே ஓடும், அதைப் பிளேயரால் நிரப்ப முடியாது.

ஒக்டோபர் 28

பின்னேரம் ஆனால் இடி. மின்னல் தொடங்கியதும் அம்ப், பெட்டி, ரவுட்டர் மூன்றையும் பிடுங்குங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது. ரவுட்டரின் அடப்டர் கடத்தும். பழைய செம்புத் தொலைபேசி வயர் என்றால் அதையும் கழற்றுங்கள்.

"கரண்ட் போனால் சீடியும் ஓடாது, ஸ்ட்ரீமிங்கும் ஓடாது, சமம்தானே" என்றவருக்கு: கரண்ட் திரும்பி வந்ததும் பாருங்கள். சீடி பிளேயர் உடனே பாடும். என் பெட்டி ரவுட்டரை முந்திக்கொண்டு எழும்பி, வைஃபையைக் காணாமல் விழிக்கும். பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கின் புண்ணியத்தில் நாடு முழுக்க இருண்ட ஞாயிற்றுக்கிழமையும் இதே கூத்துத்தான். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் அலுமாரியில் கிடந்தால் ரவுட்டருக்குப் போடுங்கள்.

பெட்டியின் ஆயுள் அதைச் செய்தவர் கையில் என்பதும் உண்மை. கூகுள் செய்த இந்த மாதிரிப் பெட்டி குரோம்காஸ்ட் ஓடியோ, அதன் தயாரிப்பை 2019 ஜனவரியில் நிறுத்தினார்கள். வாங்கியவர்களிடம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த வருடம் மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க ஒரே நாளில் படுத்துவிட்டது. பிறகு திருத்திக் கொடுத்தார்கள், அது வேறு கதை. ஆகவே பெட்டிக்கு அளவாகச் செலவழியுங்கள், மிச்சக் காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கள்.

டியூனரையும் எறியாதீர்கள். வருகிற டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலிக்கு நூறு வயது. அன்றைக்காவது ஏரியல் வயரைக் கொழுவுங்கள்.

நவம்பர் 2

டிவியில் யூடியூப் போட்டு அதன் சத்தத்தை அம்ப்புக்கு எடுக்கப் பார்த்து, வெறும் 'கர்ர்ர்' மட்டும் வருகிறது என்றவருக்கு: டிவியின் ஒப்டிகல் துளைக்கும் அம்ப்புக்கும் நடுவில் ஒரு சின்ன மாற்றிப் பெட்டி வைத்திருப்பீர்கள். டிவி அனுப்பும் டொல்பி என்ற சுருக்கிய ஒலி அதற்குப் புரியாது. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள்.

தெஹிவளைத் தம்பி சீடி பிளேயரைத் திருத்தலாமா என்று கேட்கிறார். வாசிக்காமல் துப்புவதென்றால் முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். ஐசோபுரோப்பில் அல்கஹோல், பஞ்சுக் குச்சி, கை பாரம் கொடுக்காமல். தட்டு திறக்க மறுப்பது வேறு வருத்தம், பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும். அதைக் கழற்றிக் கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு, நன்றாக ஈரம் துடைத்து மாட்டினால் சுருங்கிப் பிடிக்கும். நிரந்தரம் இல்லை. அது மறுபடி தொய்வதற்குள், பழைய பெல்ட்டையே மாதிரிக்குக் கொண்டுபோய்ப் புறக்கோட்டையில் புதியது தேடுங்கள். தடிப்பையும் பார்த்து வாங்குங்கள், நீளம் மட்டும் சரியாக இருந்தால் போதாது.